படகின் இருக்கைக்குள் இருந்தது

1

ஊரிலிருந்து வரும் போன்களில் முதல் கேள்வி குளிரைப் பற்றியதாக இருக்கும். இரண்டாவது, இன்னும் தினமும் சப்பாத்திதானா என்பது. இருபத்தொன்பது வருடங்களாக இந்த இரண்டுக்கும் பதில் சொல்லி வருகிறேன். தில்லி ரயில் நிலையத்தில் ஒரு பெட்டியோடு வந்து இறங்கிய தேதியில் ஒவ்வொரு வருடமும் டைரியில் தினக்குறிப்போடு கூடுதலாக அரைப் பக்கம் எழுதுவது என் வழக்கம். இந்த வருடம் அரைப் பக்கம் போதவில்லை. எழுத வேண்டியிருந்தது ஒரு படகைப் பற்றி.

தில்லியில் ஏது படகு என்பீர்கள். எங்கள் குடியிருப்பு யமுனையின் கிழக்குக் கரையில் இருக்கிறது. ஆற்றுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு வெள்ளத்தடுப்பு மேடு. இங்கே அதைப் புஷ்தா என்பார்கள். மேட்டுக்கு அந்தப் பக்கம், ஆற்றுப்படுகையிலேயே, காய்கறி பயிரிடும் குடும்பங்கள் தார்ப்பாய்க் குடிசைகளில் இருக்கின்றன. என் மகள் நிவேதா கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறாள். வாரம் நான்கு நாள் மாலையில் அந்தக் குடிசைப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறாள். முந்தைய வெள்ளத்தின்போது கழுத்தளவுத் தண்ணீரில் இரண்டு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து "கொஞ்சம் நனைஞ்சுட்டேன்" என்று மட்டும் சொன்னாள். மறுநாள் லிஃப்டில் பக்கத்து வீட்டுக்காரர் தன் போனில் வீடியோவைக் காட்டியபோதுதான் எனக்குத் தெரிந்தது. என் மகளின் தலை மட்டும் தண்ணீருக்கு மேல் தெரிந்தது. அந்த வீடியோவுக்குப் பிறகு மழைக்காலத்தில் நான் சரியாகத் தூங்கியதில்லை.

ஆகவே குடியிருப்போர் சங்கத்தில் ஒரு படகு வாங்குவோம் என்ற பேச்சு வந்தபோது முதலில் கை தூக்கியது நான்தான். ஏதோ ஓர் அரசுத் துறை கழித்துக் கட்டி ஏலம் விட்ட சிறிய அலுமினியப் படகு ஒன்று வந்து சேர்ந்தது. பதினாலு அடி நீளம். தரை நசுங்கியிருந்தது. குறுக்கே மூன்று பெட்டி போன்ற இருக்கைகள், ஒவ்வொன்றின் மேல்தகடும் குழிந்திருந்தது. இதைச் சரிசெய்வது யார் என்ற கேள்வி எழுந்ததும் செயலாளர் சோப்ரா என் தோளில் கை வைத்தார்.

"இதுல என்ன யோசனை? சுப்ரமணியம்ஜி இருக்காரே! ஆப் தோ சமுந்தர்வாலே ஹைன்!"

நீங்கள் கடல்காரர் ஆயிற்றே என்கிறார். நான் திருச்செங்கோட்டுக்காரன். எங்கள் பக்கத்தில் தண்ணீர் என்பது அறுநூறு அடிக்குக் கீழே இருப்பது. ஆழ்துளைக் கிணறு தோண்டும் லாரிகளை நாடெங்கும் அனுப்பும் ஊர் அது. கடலை நான் முதலில் பார்த்தது சென்னைக்குத் தேர்வெழுதப் போனபோது, பஸ் ஜன்னல் வழியாக. எனக்கு நீச்சல் தெரியாது. படகில் ஏறியதே இல்லை.

தில்லிக்கு வந்த புதிதில் இப்படி யாராவது சொன்னால் திருத்துவேன். வரைபடம் போட்டுக்கூடக் காட்டியிருக்கிறேன். அடுத்த மாதம் அதே ஆள் அதையே சொல்வார். பிறகு தலையாட்டப் பழகிக்கொண்டேன். அன்றும் தலையாட்டினேன். ஆனால் அன்று அதற்குப் பழக்கம் மட்டும் காரணமில்லை. சோப்ரா அப்படிச் சொன்னதும் கூட்டத்தின் பின்வரிசையில் இருந்த நிவேதா போனிலிருந்து தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். அவள் என்னை அப்படிப் பெருமையாகப் பார்த்தது எப்போது என்று டைரிகளைப் புரட்டினாலும் கிடைக்காது.

2

"ஏனுங்க, உங்களுக்குப் படகப் பத்தி என்ன தெரியும்?" என்று வீட்டில் கேட்டாள் என் மனைவி வசந்தி. அவளும் எங்கள் பக்கத்துக்காரிதான், ஏமாற்ற முடியாது.

"தெரிஞ்சுக்கலாம்."

"அந்தப் புள்ள அதுல ஏறிப் போகப் போறாளுங்க. உங்க ஆபீஸ் ஃபைல் இல்ல அது, தப்பாப் போனா திருப்பி அனுப்பறதுக்கு."

நான் விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தேன். படகு வைத்துக்கொள்ள அனுமதி தரும் அலுவலகம் எது என்று கண்டுபிடிக்கவே ஐந்து கடிதங்கள் ஆகியிருந்தன. கடைசியில் கிடைத்த படிவம் எந்தத் துறைமுகத்துக்காகவோ அச்சடித்தது போலிருந்தது. 'படகு நிற்கும் துறைமுகம்' என்ற இடத்தில் 'பம்ப் அறைக்குப் பின்னால் உள்ள கொட்டகை' என்று எழுதினேன். அடுத்த கட்டம்: 'பராமரிப்புப் பொறுப்பாளரின் முன் அனுபவம்.'

அந்தக் கட்டத்தில் வெகுநேரம் பேனா நின்றது. பிறகு 'கடலோர மாநிலத்தைச் சேர்ந்தவர்' என்று எழுதினேன். சொல்லளவில் அதில் பொய் கிடையாது. அரசு அலுவலகத்தில் இத்தனை வருடம் வேலை பார்த்தவனுக்கு, பொய்யில்லாமல் உண்மையை மறைக்கும் வாக்கியம் தானாக வந்துவிடுகிறது.

வேலைக்கு முருகேசனைப் பிடித்தேன். கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஆள். பெரிய சாக்கடைக் கால்வாயை ஒட்டிய தமிழர் குடிசைப்பகுதியில் இருக்கிறான். எங்கள் குடியிருப்பில் பாதி வீடுகளின் அலுமினிய ஜன்னல்கள் அவன் போட்டவை. படகைச் சுற்றி வந்து ஒருமுறை தட்டிப் பார்த்தான்.

"சார், ஜன்னல்னா ஜன்னல்னு சொல்லுங்க. படகுக்கும் எனக்கும் என்ன சார் சம்பந்தம்?"

"அலுமினியம்தானே முருகேசா."

"அது சரி. நீங்க கடல்பக்கத்து ஆளுன்னு சோப்ரா சார் சொன்னாரு. கூட நின்னு சொல்லிக் குடுங்க, செஞ்சிடலாம்."

"நான் திருச்செங்கோடு."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு சிரித்துவிட்டான். "ரெண்டு பேருமே காஞ்ச ஊரா! நல்லா விளங்கிடும் சார்."

"வெளிய சொல்லாதே."

"நான் எதுக்கு சார் சொல்றேன்? சொன்னா என் கூலியும்ல போவும்."

3

மூன்று ஞாயிறுகளும் நான்கு சனிக்கிழமைகளும் வேலை நடந்தது. அதற்கு முன்பே நான் தயாராகியிருந்தேன். இப்படிப்பட்ட படகுகளை மாற்றியமைக்கும் வெளிநாட்டு வீடியோக்கள் பதினொன்றை அலுவலகம் போகும் மெட்ரோவில் பார்த்தேன். மற்றவர்களுக்குத் தொந்தரவாக இருக்கக்கூடாதென்று ஒலியை அடைத்துவிட்டுத்தான் பார்ப்பேன். குறிப்பும் படமும் ஒரு நோட்டில் ஏறின.

தரைக்கு முதலில் பிளைவுட் என்று நினைத்தேன். முருகேசன் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒரே மழையில ஊறி அப்பளமாயிடும் சார்." பஸ் தரைக்குப் போடும் புள்ளிவைத்த அலுமினியத் தகட்டைக் கொண்டுவந்தான். நனைந்தாலும் கால் வழுக்காது. அதைத் தாங்க அடியில் சதுரக் குழாய்ச் சட்டங்கள், தண்ணீர் வடிய ஓரத்தில் இரண்டு விரல் இடைவெளி. இரும்பு ஸ்க்ரூ ஒன்றுகூடக் கூடாது என்பதில் அவன் கண்டிப்பாக இருந்தான். இரும்பு பட்ட இடத்தில் அலுமினியம் பொடிந்துபோகும் என்பது ஜன்னல் வேலையில் தெரிந்த விஷயமாம். எல்லாம் ரிவெட். இந்த இடம்வரை நாங்கள் செய்ததில் பிழை இல்லை. இப்போதும் அப்படித்தான் நம்புகிறேன்.

அடுத்தது இருக்கைகள். வெள்ளத்தில் போகிற படகுக்கு முதலுதவிப் பெட்டி, கயிறு, டார்ச், குடிநீர், போர்வை எல்லாம் வேண்டும். அவற்றைக் காலடியில் போட்டுவைத்தால் தடுக்கும். அதனால் மூன்று இருக்கைகளின் மேல்தகட்டையும் அறுத்து, கீல் வைத்து, திறந்து மூடும் பெட்டிகளாக்குவது என் திட்டம். வரைபடத்தில் பார்க்க அழகாக இருந்தது.

முதல் இருக்கையை அறுத்தபோது உள்ளே இடைவெளியே இல்லாமல் மஞ்சள் நிறத்தில் ஏதோ அடைத்திருந்தது. தெர்மாகோல் போல, ஆனால் இன்னும் கெட்டியான பலகைகள்.

"இது எதுக்கு சார்?" என்றான் முருகேசன்.

எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அங்கே எங்கள் இருவரைத் தவிர யாருமில்லை. ஆனால் இந்த ஊரில் புதுக் கார் வாங்குகிறவர்கள் இருக்கையின் பிளாஸ்டிக் உறையை வருடக்கணக்கில் கழற்றாமல் ஓட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் அலுவலகத்தில் ஏசி பெட்டிகளோடு வந்த தெர்மாகோல் இன்னும் அலமாரி மேல் இருக்கிறது. வீடியோக்களிலும் இந்த மஞ்சள் பலகைகளை எடுத்து வெளியே அடுக்கும் காட்சியைப் பார்த்திருந்தேன். அதற்குப் பிறகு என்ன செய்தார்கள் என்பதற்குள் நான் இறங்க வேண்டிய நிலையம் வந்திருக்கும்.

"பேக்கிங்" என்றேன். "தகடு நசுங்காம இருக்க வச்சிருப்பாங்க. நாமதான் உள்ள சட்டம் குடுக்கிறோமே. எடுத்துடு."

"நான் வீட்டுக்கு எடுத்துக்கவா சார்? கட்டிலுக்கு அடியில போட்டா குளிருக்கு ஆவும்."

"தாராளமா."

டைரியில் அன்றைய பதிவு: 'மூன்று இருக்கைகளும் காலி. எதிர்பார்த்ததைவிட அதிக இடம்.'

4

வெள்ளோட்டத்துக்கு ஆற்றில் போதிய தண்ணீர் இருந்தது. துடுப்புப் போட்டது ராம்கிஷன். படகும் நீச்சலும் தெரிந்த, படுகையில் சுரைக்காய் பயிரிடும் விவசாயி. பெட்டி மூடிகளின் மேல் என்னென்ன எங்கே என்று நிவேதா இந்தியில் எழுதியிருந்தாள். கடைசிப் பெட்டிக்குள் தண்ணீர் புகாத ஒரு டப்பா. படகில் ஏறுகிறவர்கள் போன்களை அதில் போட்டுவிட வேண்டும் என்பது நான் வகுத்த விதிகளில் நான்காவது.

"அப்பா, ஏக்தம் ஃபர்ஸ்ட் க்ளாஸ்!" என்று கரையில் குதித்து இறங்கினாள். "நீயும் ஒரு ரவுண்டு வாயேன்."

"அப்புறம்" என்றேன். கணுக்கால் நனையாத தூரத்தில் நின்றிருந்தேன்.

ராம்கிஷன் மட்டும் மூடியைத் திறந்து திறந்து பார்த்தார். "இவ்வளவு இடம் எங்கிருந்து வந்தது, பாபுஜி?" என்று இந்தியில் கேட்டார். பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

5

ஆகஸ்டில் மூன்று நாள் விடாத மழை. மேலே அணைக்கட்டில் தண்ணீரைத் திறந்துவிட்டதாகச் செய்தி வந்த மறுநாள் காலை படுகை முழுவதும் வெள்ளமாக இருந்தது. ஒன்பது மணிக்கு நிவேதா கிளம்பினாள். குடிசைப் பெண்களும் பிள்ளைகளும் ராம்கிஷனை மட்டும் நம்பி ஏற மாட்டார்கள், டீச்சர் தீதி, அதாவது தங்கள் டீச்சர் அக்கா, வந்தால் ஏறுவார்கள் என்றாள். வசந்தி தடுத்துப் பார்த்தாள். நான்தான், "படகு இருக்குதே, பயப்படாதே" என்றேன்.

ஒன்பதே முக்காலுக்கு முருகேசன் போன் செய்தான்.

"சார், இங்க வீட்டுக்குள்ள முட்டி வரைக்கும் தண்ணி. ஒரு கூத்தக் கேளுங்க. நீங்க தூக்கிப் போடச் சொன்னீங்களே மஞ்சப் பலகை, அது கட்டிலுக்கு அடியில இருந்து தானா மேல வந்திருச்சு சார். நாலு பலகையச் சேத்துக் கட்டி, அது மேல ஸ்டவ்வ வச்சு எம் பொண்டாட்டி டீ போட்டுட்டிருக்கா! ஆடக்கூட மாட்டேங்குது. ஆளே ஏறி உக்காரலாம் போல." சிரித்தான். "சார்? லைன்ல இருக்கீங்களா?"

இருந்தேன். கையிலிருந்த தம்ளரை மேசையில் வைத்ததும், அது விளிம்பில் நின்று கீழே விழுந்ததும் நினைவிருக்கிறது. அந்தப் பலகைகள் ஏன் இருக்கைக்குள் இடைவெளியில்லாமல் அடைக்கப்பட்டிருந்தன என்பது ஒரே நொடியில் விளங்கிவிட்டது. படகு தண்ணீரால் நிறைந்தாலும் அடிக்குப் போகாமல் பிடித்து வைப்பதற்காக. அதை நான் உருவி எடுத்து, அந்த இடத்தில் போர்வையும் கயிறும் அடுக்கி மூடி போட்டிருக்கிறேன்.

நிவேதாவுக்கு போன் செய்தேன். மணி அடித்து நின்றது. மறுபடி செய்தேன். ஏழாவது முறை செய்யும்போதுதான் என் நான்காவது விதி ஞாபகம் வந்தது. வசந்தியிடம் எதுவும் சொல்லாமல் கீழே இறங்கி, மேட்டை நோக்கி ஓடினேன். ஐம்பத்து நாலு வயதில், ரப்பர் செருப்போடு.

மேட்டில் நிவாரணச் சமையல் நடந்துகொண்டிருந்தது. சோப்ரா குடையோடு நின்றிருந்தார். தண்ணீர் பழுப்பாக, சத்தமில்லாமல், மிக வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. தூரத்தில் எங்கள் படகு. அளவுக்கு மேல் ஆட்கள். விளிம்புக்கும் தண்ணீருக்கும் ஒரு சாண்கூட இல்லை. ஒரு மரக்கிளை மிதந்து வந்து படகை உரசியதும் படகு சாய்ந்தது. உள்ளே இருந்தவர்கள் ஒரே பக்கமாக நகர்ந்தார்கள். நான் கத்தியிருக்கிறேன். என்ன கத்தினேன் என்று தெரியவில்லை. தமிழில்தான் கத்தினேனாம், சோப்ரா பிறகு சொன்னார்.

படகு நிமிர்ந்தது. பதினைந்து நிமிடத்தில் கரைக்கு வந்தது.

6

பிள்ளைகளை இறக்கிவிட்டு நிவேதா திரும்பிப் போகத் தயாரானாள். எதிரே ஒரு மணல் திட்டில் இன்னும் எட்டுப் பேர். நான் படகின் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

"போகக்கூடாது."

"க்யா ஹுவா, என்னாச்சு? விடுப்பா, அங்க தண்ணி ஏறுது. ஜல்தி!"

"இந்த சீட்டுக்குள்ள ஒண்ணு இருந்துது. அதுதான் படகை முழுகாம வச்சிருக்கும். நான் எடுத்துட்டேன்."

"எடுத்துட்டியா? ஏன்?"

"சாமான் வைக்க இடம் வேணும்னு."

அவள் மூடியைத் திறந்தாள். மடித்து வைத்த போர்வைகளைப் பார்த்தாள். தான் எழுதிய எழுத்துகளையும் பார்த்தாள். "உனக்குத் தெரியாதா அப்பா? உனக்குத்தான் படகெல்லாம் தெரியுமே."

சோப்ரா பக்கத்தில் வந்துவிட்டார். கூட்டமும் சேர்ந்துவிட்டது. என் ஊர் கடலோரத்தில் இல்லை, கடலுக்கு வெகுதூரம், எனக்கு நீச்சல் தெரியாது, இதற்கு முன் படகைத் தொட்டதுகூடக் கிடையாது என்று இந்தியில் சொன்னேன். இருபத்தொன்பது வருடத்தில் நான் தடுமாறாமல் பேசிய மிக நீளமான இந்தி அதுவாகத்தான் இருக்கும்.

"அரே பாய், திரும்பி வந்துடுச்சு இல்ல? ஒண்ணும் ஆகலையே" என்றார் சோப்ரா. "இன்னும் ஒரே டிரிப்."

அரசின் மீட்புப் படகு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த எட்டுப் பேரும் இங்கிருந்தே தெரிந்தார்கள். ஒரு பெண் சிவப்புத் துணியை ஆட்டிக்கொண்டிருந்தாள். நிறுத்திவைக்கும் உரிமை எனக்கு இல்லை, அனுப்பும் தைரியமும் இல்லை.

எங்கள் பக்கம் கிணற்றில் நீச்சல் பழகும் பிள்ளைகள் முதுகில் காலித் தகர டின்னைக் கட்டிக்கொண்டு குதிப்பார்கள். ஒரே பிள்ளை என்று என்னை இறங்க விடமாட்டார்கள். மேலே நின்று பார்த்த எனக்கு, டின் கட்டியவன் எவ்வளவு அடித்தாலும் உள்ளே போகமாட்டான் என்பது மட்டும் தெரியும். சமையல் நடக்கும் இடத்துக்கு ஓடினேன். பூரி சுடக் கடுகெண்ணெய் வந்த பதினைந்து லிட்டர் பிளாஸ்டிக் கேன்கள் அங்கே இருந்தன, திருகு மூடியோடு. ஆறு காலி. மூன்றில் எண்ணெய் இருந்தது. அதை அண்டாவில் கவிழ்த்தேன். சமையல்காரர் திட்டிய வசவுகளை இங்கே எழுத முடியாது.

போர்வை, கயிறு, முதலுதவி எல்லாவற்றையும் வாரி மேட்டில் எறிந்தோம். பெட்டிக்கு மூன்று கேன்களாகத் திணித்து, மூடி திறக்காமல் இருக்க ராம்கிஷன் குறுக்கே கயிறு கட்டினார். நானும் படகுக்குள் ஒரு காலை வைத்தேன். தரை அசைந்தது. தப்பைச் செய்தவனும் கூடப் போக வேண்டும் என்பதைத் தவிர வேறு யோசனை இல்லை.

நிவேதா என் மார்பில் கை வைத்துத் தள்ளினாள். "நீ ஏறினா ரெண்டு பச்சே, ரெண்டு குழந்தைங்களுக்கு இடம் கம்மியாயிடும்ப்பா. இறங்கு."

இறங்கினேன். நாற்பது நிமிடம். டைரியில் அந்த நாற்பது நிமிடத்துக்கு நேரே எதுவும் எழுதவில்லை. எட்டுப் பேரும் வந்தார்கள். கேன்கள் தேவைப்படவில்லை.

7

ஒன்றும் ஆகவில்லையே என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். சோப்ராவுக்கு என்மேல் கோபமில்லை. அனுமதி தந்த அலுவலகத்துக்கு 'முன் அனுபவம்: இல்லை' என்று திருத்தக் கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. வசந்தி இரண்டு நாள் பேசவில்லை, பிறகு பேசினாள். நிவேதா எதுவுமே சொல்லவில்லை. இதை நான் எழுதுகிறேன் என்பது அவளுக்குத் தெரியும். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள், இரண்டு வரியில் பொறுமை போய்விடும். அதனால் இதன் மூலம் அவளிடம் எதையும் சொல்லிவிட முடியாது.

ஒன்றும் ஆகவில்லை என்பது எனக்குப் போதவில்லை. பலகைகள் இல்லாமல் என்ன ஆகியிருக்கும் என்று தெரிந்தாக வேண்டும். வெள்ளம் வடிந்த பிறகு இரண்டாவது ஞாயிறு காலை, பம்ப் அறைக்குப் பின்னால் தேங்கிய இடுப்பளவுத் தண்ணீரில் படகை இறக்கச் சொன்னேன். முருகேசனும் ராம்கிஷனும் வந்தார்கள். கூப்பிடாமலே நிவேதாவும் வந்து படியில் நின்றாள்.

முதலில் கேன்களோடு. இருவரும் வாளி வாளியாக உள்ளே ஊற்றினார்கள். விளிம்பு தண்ணீர் மட்டத்துக்கு வந்தது. அங்கேயே நின்றது. ராம்கிஷன் உள்ளே ஏறி உட்கார்ந்தார். மார்புவரை நனைந்தாரே தவிர, படகு இறங்கவில்லை.

பிறகு தண்ணீரை இறைத்து, கேன்களை எடுத்துவிட்டு, மறுபடி ஊற்றினார்கள். வாளிகளை நான் எண்ணினேன். முப்பத்தெட்டாவது வாளியில் படகு ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தது. முப்பத்தொன்பதாவதை ஊற்ற வேண்டியிருக்கவில்லை. விளிம்பு வழியாகத் தண்ணீர் தானே உள்ளே வந்தது. இரண்டு மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை. சில குமிழிகள். பிறகு அங்கே படகு இருந்ததற்கு அடையாளமில்லாமல் பழுப்புத் தண்ணீர் மட்டும்.

முருகேசன் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தான். 

"அந்த ஃபர்ஸ்ட் டிரிப்ல பதினோரு பேர் இருந்தோம்" என்றாள் நிவேதா. "ஆறு பச்சே."

"ஆமா."

அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். திட்டினால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது. அவள் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். கால்களால் துழாவிப் படகின் முனையைக் கண்டுபிடித்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள்.

"ஒரு ஆள் குறையுது. நீயும் வா. தூக்கணும்."

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினேன். முழங்கால், தொடை, இடுப்பு. சேறு காலை உள்ளே இழுத்தது. தண்ணீருக்கடியில் விளிம்பைப் பிடிக்க நான் குனிந்தபோது தாடைவரை தண்ணீர் வந்தது. மூச்சு நின்றுவிட்டது. அவள் ஒரு கையால் படகையும் இன்னொரு கையால் என் சட்டைக் காலரையும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"பிடிச்சிருக்கேன்" என்றாள். "இப்ப தூக்கு."